உனக்காக நான் வாதாடவில்லை

உன் பிஸ்கட் டின்னைத் திறந்தால் இன்னும் பூச்சி உருண்டைதான் மணக்கிறது. பயிற்சிக்காக நீ வசனம் எழுதிய அட்டைகளைப் பூச்சி அரிக்கக்கூடாது என்று போட்டு வைத்தது. அட்டைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் அட்டையை எடுத்ததும் முதலில் மூக்கைச் சுளிக்கிறார்கள், பிறகுதான் வாசிக்கிறார்கள். மனம் உடைந்து வந்தவர் சொல்கிற வசனத்தை மூக்கைச் சுளித்துக்கொண்டு வாசித்தால் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. உன் ஏற்பாடுகள் எல்லாம் இப்படித்தான். ஒன்றைக் காப்பாற்றப் போய் இன்னொன்றைக் கெடுத்து வைப்பாய்.

இன்று வியாழக்கிழமை. நாவற்குடாவில் அதே அறை, அதே பிளாஸ்டிக் கதிரைகள். உளவளத்துணையாளர்களாக வேலை பார்க்கிற ஏழு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஆக இளையவள் டின்னுக்குள் கையை விட்டு, சிவப்பு நூல் கட்டிய கட்டிலிருந்து ஓர் அட்டையை இழுத்தாள். சிவப்பு நூல் என்றால் ஆகக் கடினமான வசனங்கள். உன் சரிந்த எழுத்தோடு கொஞ்சம் மல்லுக்கட்டிவிட்டு வாசித்தாள்: "ஊருக்கெல்லாம் காது குடுக்கிறீங்க. எனக்கு எண்டு வந்தா உங்களுக்கு நேரமில்ல."

வாசித்துவிட்டு, இதை யார் சொன்னது மிஸ் என்று கேட்டாள். நான் அட்டையை வாங்கி என் கைப்பைக்குள் வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கச் சொன்னேன். அதை எப்போதோ டின்னிலிருந்து எடுத்திருக்கவேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று விட்டுவிட்டேன். ஏன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். நீ போய் எட்டு மாதமாகிறது. இனி நீ குறுக்கே பேச வழியில்லை. ஆகவே இந்தத் தடவையாவது நான் ஒரு கதையை முழுவதுமாகச் சொல்லி முடிக்கலாம்.

நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகப் படித்து, ஒரே சான்றிதழை வாங்கி, ஒரே நிலையத்தில் பக்கத்துப் பக்கத்து அறையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தோம். ஒரு நாள் மதியச் சோற்றுக்கு நடுவில் நீ திடீரென்று ஆரம்பித்தாய். முதல் வருடத்தில் விட்ட பிழைகளையே இப்போதும் விடுகிறோம், வருடம்தான் கூடியிருக்கிறது, கை கூடவில்லை என்றாய். நான் மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தேன், ம் என்றேன். அந்த ம்மைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வியாழக்கிழமையே பயிற்சியைத் தொடங்கிவிட்டாய். என்னைப் பங்காளி என்று எல்லோருக்கும் அறிமுகமும் செய்துவிட்டாய்.

விரிவுரை கிடையாது, வெண்பலகை கிடையாது. ஒருவர் துணை தேடி வந்தவராக இருந்து அட்டையிலுள்ள வசனத்தைச் சொல்லவேண்டும். எதிரே இருப்பவர் ஒரே ஒரு மறுமொழி சொல்லவேண்டும். நீ அதில் ஒரு பிழையை மட்டும் காட்டுவாய். பிறகு அதே வசனம், திரும்பவும் மறுமொழி. அது சரிவந்தால் அதே வசனத்தைக் கோபத்தோடு சொல்வாய். அதுவும் சரிவந்தால் அழுதுகொண்டு சொல்வாய். ஒரு பின்னேரம் முழுவதும் ஒரு வசனத்தோடு போயிருக்கிறது. இது என்ன, நாடகம் பழக்குகிறாயா என்று நான் கேட்டேன். "நாடகக்காரனும் ஒத்திகை பாக்கிறான், பாட்டுக்காரனும் பாக்கிறான். நாமதான்கா உயிரோட வந்து இரிக்கிற சனத்தில ஒத்திகை பாக்கிறம்" என்றாய். நீ சொன்னது சரி. இப்போதும் சரிதான், அதுவே ஒரு எரிச்சல்.

எனக்கு நீ எடுத்துத் தந்த முதல் அட்டை நினைவிருக்கிறதா? உங்களுக்குப் பிள்ளை இல்லையாமே, உங்களுக்கு என்ன தெரியப்போகிறது என்று எழுதியிருந்தது. எனக்குப் பிள்ளை இல்லை என்பது ஊரறிந்த விஷயம். வேண்டுமென்றேதான் எடுத்தாய். நான் என் அனுபவத்தையும் படித்த படிப்பையும் எடுத்துச் சொன்னேன். "உன்ட சேட்டிபிக்கட்ட அவ கேக்கல்லகா" என்றாய். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். திரும்பச் சொன்னேன், பிழை. திரும்பச் சொன்னேன், குரல் சரி, முகம் பிழை. அதற்கு அடுத்த தடவை நான் எழும்பி வெளியே போய் கிணற்றுக்கட்டோடு நின்றேன். சமாதானம் சொல்ல வருவாய் என்று பார்த்தால் நீ அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாய். கோபம் ஆறித் திரும்பி வந்து உட்கார்ந்து, ஓம், எனக்குப் பிள்ளை இல்லைதான், இவளுக்கு நம் வலி தெரியாது என்று பயப்படுகிறீர்கள் போல என்றேன். இது போதும், காணும் என்றாய். அவ்வளவுதான், ஒரு மெச்சல்கூட இல்லை. பிறகு ஒரு நாள் அமிர்தகழியிலிருந்து வந்த ஒரு தாய் கிட்டத்தட்ட அதே கேள்வியை என்னிடம் உண்மையாகவே கேட்டபோது நான் கதிரையில் இருந்து நகராமல் மறுமொழி சொன்னேன். அவ அதன் பிறகு ஒரு வருடம் தொடர்ந்து வந்தா. இதை உன்னிடம் நான் சொல்லவேயில்லை. சொன்னால் வியாழக்கிழமை முழு அறைக்கும் சொல்லியிருப்பாய்.

விளங்குது, ஆனா, அப்பிடி இல்ல என்ற மூன்றுக்கும் நீ தடை போட்டிருந்தாய், முதலாவது விளங்குது. சொன்னவர் எழும்பி எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றவேண்டும். "நம்மட சனம் விளங்குது எண்டு சொன்னா, காணும் நிப்பாட்டு எண்டுதான் அர்த்தம்" என்பாய். உண்மைதான். சந்தையிலும் அரசாங்கக் கச்சேரியிலும் கல்யாண வீட்டிலும் நாங்கள் அப்படித்தான் ஆளை நிற்பாட்டுகிறோம். விளங்குது, விளங்குது என்று இரண்டு தரம் சொன்னால் ஆள் எழும்பிப் போகவேண்டியதுதான்.

அப்படிச் சட்டம் போட்ட நீ, எனக்கு எத்தனை விளங்குது சொல்லியிருப்பாய்? என் அம்மா கடைசியாகப் படுக்கையில் கிடந்த நாட்களில் நான் உன்னிடம் ஒரு கதையை மூன்று தரம் தொடங்கினேன். மூன்று தரமும் உன் கைத்தொலைபேசி அடித்தது. மூன்று தரமும் எடுத்துக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போனாய். தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ முகம் தெரியாத ஒருவருக்கு நீ எவ்வளவு பொறுமையாகத் தலையாட்டினாய்! அந்தப் பொறுமை எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன். "நீ என்ன, வெளியில இருந்து வந்த ஆளா? நீ என்ட ஆள்தானே" என்றாய். அதை அன்பாகத்தான் சொன்னாய். சொந்த ஆட்களுக்குச் சொல்லாமலே எல்லாம் தெரியும், கேட்காமலே எல்லாம் கேட்கும் என்று நீ உண்மையாகவே நம்பியிருந்தாய். இருபது வருடம் இதே தொழிலைச் செய்த ஒருத்தி இப்படி நம்பலாமா?

அந்தச் சிவப்பு நூல் அட்டைக்கு வருகிறேன். நீ முதல் நாளே சொல்லியிருந்தாய், அட்டைகளில் எங்களிடம் வந்தவர்களின் வசனம் ஒன்றுமே இல்லை, எல்லாம் நானே கட்டியவை, அவர்கள் நம்பிச் சொன்னதை எடுத்து அட்டையில் எழுதக்கூடாது என்று. நானும் நம்பினேன். ஆனால் அந்த ஒரு வசனத்தை நீ சொல்லும்போது வேறு மாதிரி இருக்கும். ஊருக்கெல்லாம் என்று தொடங்கி, நடுவில் மூச்சு விட்டு, நேரமில்ல என்பதைக் கீழே பார்த்துக்கொண்டு சொல்வாய். ஒரு நாள் நான் சொன்னேன், எப்போதும் நீயே வந்தவராக இருக்கிறாய், இன்றைக்கு நான் வசனத்தைச் சொல்கிறேன், நீ மறுமொழி சொல்லு என்று. எனக்குத் தெரிந்த பாடம் எனக்கு எதற்கு என்று எழும்பிப் போய், யாரும் விளங்குது சொல்லாத அந்த நாளில் நீயே தேத்தண்ணி ஊற்றினாய். நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் கேட்காமல் விட்டேன்.

மழைக்காலத்தில் ஒரு காலை தலை இடிக்கிறது என்று வேலைக்கு வராமல் இருந்தாய். மத்தியானம் ஆஸ்பத்திரியில் இருந்தாய். மூளையில் இரத்தக்கசிவு என்றார்கள். மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

உன் வீடு உன் அம்மா உனக்குச் சீதனமாகத் தந்தது. இந்தப் பக்கம் அக்காவின் வீட்டு வளவு, அந்தப் பக்கம் தங்கச்சியின் வளவு. உன் புருஷன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணம் முடித்து உன் வீட்டுக்கு வந்தவர். மீன்பிடிப் படகு எஞ்சின் திருத்துகிற மனிதர், அந்த இரைச்சலில் வேலை செய்து பழகியதாலோ என்னவோ எப்போதும் உரத்துத்தான் கதைப்பார். இழவு வீட்டில் அவர் ஒரு மூலையில் விருந்தாளியாக நின்றார். வந்தவர் போனவர் எல்லோரும் உன்னைப் பற்றி நல்லதே சொன்னார்கள். என் உயிரைக் காப்பாற்றினா என்று ஒரு தாய் அழுதா. என் மகனைத் திருப்பித் தந்தா என்று இன்னொருவர். அத்தான் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார்.

எட்டாம் நாள் காரியம் முடிந்து சனம் பின்பக்கம் சாப்பிடப் போன நேரம் நான் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வழக்கத்துக்கு மாறாக மெல்லிய குரலில், முற்றத்தைப் பார்த்தபடி சொன்னார்: "ஊருக்கெல்லாம் காது குடுத்தா. எனக்கு எண்டு வந்தா நேரமில்ல. ஊருக்கெல்லாம் காது குடுக்கிறாய், எனக்கு எண்டு வந்தா உனக்கு நேரமில்ல எண்டு முகத்துக்கு நேரயே சொல்லியிரிக்கன்."

அதே வசனம். நடுவில் அதே மூச்சு. உனக்கு என்பதை உங்களுக்கு என்று மாற்றி, மரியாதை போட்டு, உன் புருஷனின் வார்த்தையை நீ அட்டையில் எழுதி எங்களை வருடக்கணக்காகப் பழக்கியிருக்கிறாய். வெளியிலிருந்து வந்தவர்களின் வசனத்தைத்தானே எழுதக்கூடாது? இது வீட்டு வசனம். உன் சட்டத்தில் அதற்கு இடமிருந்தது.

அந்த அட்டைக்கு நான் எத்தனையோ வியாழக்கிழமைகள் மறுமொழி பழகியவள். ஏதாவது சரியாகச் சொல்லியிருப்பேன் என்றுதானே நினைப்பாய். "விளங்குது அத்தான். ஆனா அவ அப்பிடி இல்ல. உங்களப் பத்தி எங்களிட்ட பெருமையாத்தான் கதைப்பா" என்றேன். விளங்குது, ஆனா, அப்பிடி இல்ல. நீ தடை போட்ட மூன்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் ஓம், ஓம் என்று சொல்லி எழும்பி உள்ளே போனார். முப்பத்தோராம் நாள் காரியத்தில் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றவர், என்னைக் கண்டதும் லைட் வயரைப் பார்க்கிற சாட்டில் அந்தப் பக்கம் போய்விட்டார். பிறகு நான் எடுத்த அழைப்பு ஒன்றையும் அவர் எடுக்கவில்லை. காரியங்களுக்கு வந்து நின்ற உங்கள் மகளும் படிப்பைப் பார்க்கக் கம்பஸுக்குத் திரும்பிப் போனாள்.

மூன்று நான்கு மாதம் கழிந்திருக்கும். ஒரு நாள் வாவிக்கரை வழியாகப் போனபோது அத்தானின் கராஜ் பூட்டியிருந்ததைக் கண்டேன். வாசலில் பனிச்சங்கேணியிலிருந்து வந்த மீன்பிடிக்காரர் ஒருவர் குந்தியிருந்தார். அவருடைய எஞ்சின் உள்ளே கிடக்கிறதாம், இத்தோடு ஐந்தாம் தரம் வந்து போகிறாராம். வீட்டுக்கும் போய்ப் பார்த்திருக்கிறார். "ஆள் பின் விறாந்தையில இரிக்கார். கூப்பிட்டா பாக்கிறார், எழும்புறாரில்ல. சோறு திண்ட மாதிரியும் தெரியல்ல" என்றார். அவர் தன் எஞ்சினை மறந்துவிட்டு அந்த மனிதரைப் பற்றிக் கவலைப்பட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. உன் அக்காவும் தங்கச்சியும் நேரம் தவறாமல் சோறு கொண்டுபோய் வைத்துவிட்டு, அவ எப்பேர்ப்பட்டவ என்று சொல்லி அழுதுவிட்டு வருகிறார்கள். அந்த வளவுக்குள் உன்னைப் பற்றி ஒரு குறை சொல்ல அந்த மனிதருக்கு வாய் ஏது? சொல்ல எடுத்ததும் என்னிடம்தான். நான்தான் அடைத்துவிட்டவள்.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் பயிற்சி அறையைத் திறந்து, ஆளில்லாத கதிரைக்கு முன்னால் இருந்து பழகினேன். உன் மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. கைத்தொலைபேசியில் பதிந்து பதிந்து கேட்டேன். எப்படித் தொடங்கினாலும் மூன்றாம் சொல்லோடு ஒரு ஆனா வந்து விழுந்தது. ஆனா அவ நல்லவ. ஆனா அவவுக்கு வேலை கூட. ஏழாம் தரமோ எட்டாம் தரமோ கேட்டபோதுதான் என் குரலை நானே கவனித்தேன். அத்தான் சொல்வது பொய் என்பதற்காக நான் உன்னைக் காப்பாற்றவில்லை. அவர் சொல்வதுதான் என் வாய்க்குள்ளும் கிடந்தது. அதை ஒத்துக்கொண்டால், செத்துப்போன உன்னோடு நானும் கோபம் என்று ஆகிவிடும். அந்தப் பயத்தில்தான் அந்த ஆனா வந்தது. பழகப் பழக வாய் திருந்தும் என்று நீ சொன்னாய். நெஞ்சைத்தான் முதலில் பார்க்கவேண்டியிருந்தது என்று நீ எழுதிய எந்த அட்டையிலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். மீன்பிடிக்காரர் சொன்னபடியே பின் விறாந்தையில் இருந்தார். தாடி வளர்ந்திருந்தது. நான் உட்காரவில்லை.

"அத்தான், அண்டைக்கு நான் பிழையாக் கதைச்சன். நீங்க சொல்ல வந்தத அவவுக்காக நிப்பாட்டிப்போட்டன். திரும்பச் சொல்லுங்க. நான் கேக்கிறன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவின் வளவுப் பக்கம் பார்த்தார். அங்கே யாரோ தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. இங்கே வேண்டாம் என்று எழும்பினார். எனக்கு அவருடைய குரலின் அளவு தெரியும், ஏன் என்று கேட்கவில்லை. சுவரில் கொழுவியிருந்த கராஜ் பூட்டின் திறப்பை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். அப்படித்தான் அந்தக் கராஜ் திறந்தது.

உள்ளே எண்ணெய் வாடைக்கு நடுவில், கழற்றிப்போட்ட எஞ்சின்களுக்கிடையில் நின்றுகொண்டு ஒரு மணித்தியாலம் உன்னை ஏசினார். நீ அழைப்புக்காக எழும்பிப் போன சாப்பாடுகள், மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு ஒன்றாகப் போவதாகச் சொல்லிப் போகாத வருடங்கள், எல்லாம் வந்தது. ஆனா, ஆனா என்று என் வாய்க்குள் முட்டியது. விழுங்கினேன். அவர் களைத்து ஒரு பெட்டியில் உட்கார்ந்தார். அப்போது ஒன்றைச் சொன்னார். உனக்குத் தெரியாததை இங்கே சொல்கிறேன், கவனமாகக் கேள்.

நீ போவதற்கு ஆறு வருடத்துக்கு முன் அவர் ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்தார். இடது காது போய்விட்டது, இனி வராது என்றார்கள். அதை உன்னிடம் சொல்ல வீட்டுக்கு வந்தார். நீ குசினி வாசலில் யாரோடோ கைத்தொலைபேசியில் இருந்தாய். அவரைக் கண்டதும் ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டினாய். அவர் மேசையில் போய் இருந்தார். கறி ஆறியது. நீ கதைத்து முடித்து வந்து, அங்கே ஒரு பிள்ளை நஞ்சு குடிக்கப் பார்த்ததாம் என்று சொல்லி அழுதாய். அந்த அழுகைக்கு முன்னால் தன் காதைப் பற்றிச் சொல்ல அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அடுத்த நாள் சொல்லலாம் என்று நினைத்தார். பிறகு சொல்லவேயில்லை.

நான் உன் பக்கம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "நீங்க மேசையில காத்துக்கிட்டு இருந்தீங்க" என்று மட்டும் சொன்னேன்.

"ஓம். இருந்தன்" என்றார். பிறகு, "எல்லாரும் வந்து அவ நல்லவ எண்டு சொல்லிட்டுப் போறாங்க. எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருசம் ஒண்டா இருந்தனான். எனக்கு அவவோட சண்டை ஒண்டு மிச்சம் கிடக்கு. அத நான் இனி ஆரோட பிடிக்கிற?" என்று கேட்டார்.

"எனக்கும் கிடக்கு அத்தான்" என்றேன். நீ பழக்கிய மறுமொழி இல்லை அது. அழுகையும் கூடவே வந்துவிட்டது. அவர் துணியால் ஒரு ஸ்டூலைத் துடைத்து என் பக்கம் தள்ளினார்.

பனிச்சங்கேணிக்காரரின் எஞ்சின் அடுத்த கிழமை போய்ச் சேர்ந்தது. கராஜ் இப்போது திறந்துதான் இருக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன், இரண்டு பேரும் உன்னை வைத்துச் சண்டை பிடிக்கிறோம். அந்த அட்டையை அவரிடம் கொடுத்துவிடப்போகிறேன், அது அவருடைய வசனம்.

போன ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணியோடு நான் அவருடைய இடது பக்கம் உட்காரப் போனேன். இந்தப் பக்கம் வாங்க, அதில் இருந்தால் எனக்குக் கேட்காது என்றார். அப்படியென்றால் வீட்டு மேசையில் அவ எந்தப் பக்கம் இருந்தவ என்று கேட்டேன். இடது பக்கம்தான் என்றார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அதுதான் உன் கதிரையாம். ஆறு வருடம் நீ சொன்னதில் பாதி அவருக்குக் கேட்கவில்லையாம், கேட்டதுபோலத் தலையாட்டிக்கொண்டு இருந்தாராம். நீயோ அவர் தலையாட்டுகிறார் என்று மேலே மேலே கதைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உன் மேல் மட்டுமில்லை, அவர் மேலும்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எத்தனை அழைப்பு வந்தாலும், நீ அந்த நிமிடமே கதிரையைத் தூக்கி வலது பக்கம் போட்டிருப்பாய். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். சொல்ல வாய் வரை வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தேன், சொல்லவில்லை. உன் பக்கத்தில் இருக்கிற ஒரே நியாயம் அதுதான். அதை இப்போது நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.